பாய்லர் விரிசலும் பாப்பாவின் பிடரியும்

"நாலு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு உக்காருங்கம்மா. யூரின் மட்டும் போயிடாதீங்க."

ஸ்கேன் சென்டர் ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு இப்படிச் சொன்னதும் தங்கமணி என்னைத் திரும்பி முறைச்சாங்க. ஏதோ நான்தான் அந்த ரூலை எழுதி வெச்ச மாதிரி. நான் வழக்கம்போல செவுத்துல இருந்த போர்டைப் படிக்க ஆரம்பிச்சுட்டேன். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது, கேட்பதும் குற்றம்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதியிருந்தது.

பன்னிரண்டாவது வாரம். டாக்டரம்மா சீட்டுல 'என்.டி. ஸ்கேன்'னு மட்டும் எழுதிக் கொடுத்திருந்தாங்க. பொட்டி தட்டுற பயலுக்கு என்.டி.ன்னா விண்டோஸ் என்.டி.தான் தெரியும். இது வேற. நியூக்கல் ட்ரான்ஸ்லூசன்சி. குழந்தையோட பிடரியில தோலுக்கும் அதுக்கு உள்ள இருக்கிற சதைக்கும் நடுவுல கொஞ்சம் நீர் தேங்கி நிக்கும், திரையில கறுப்பா ஒரு கோடு மாதிரி தெரியும். அந்தக் கோட்டோட தடிமன் எத்தனை மில்லிமீட்டர்னு அளக்கிறாங்க. அவ்ளோதான் மேட்டர்.

அவ்ளோதான்னு நினைச்சுதான் உள்ளே போனோம்.

உள்ளே பாப்பா குப்புறப் படுத்துத் தூங்கிட்டிருந்தது. இந்த அளவை எடுக்க குழந்தை பக்கவாட்டுல, தலை ரொம்ப நிமிராம ரொம்பக் குனியாம, சாதாரணமா இருக்கணுமாம். தலை நிமிர்ந்திருந்தா அளவு கூடக் காட்டும், நாடி நெஞ்சுல ஒட்டியிருந்தா குறைச்சுக் காட்டும். "இருமுங்கம்மா"ன்னாங்க. இருமினாங்க. ம்ஹூம். "கொஞ்சம் நடந்துட்டு வாங்க." வராண்டாவுல பத்து நிமிஷம் நடந்தோம். திரும்பப் போனப்ப பாப்பா மல்லாந்து படுத்து கையை ஆட்டிக்கிட்டு இருந்தது. உச்சியில இருந்து பிட்டம் வரைக்கும் 61 மில்லிமீட்டர். பிடரி நீர் 2.3 மில்லிமீட்டர். அந்தம்மா முகத்துல எதையும் காட்டிக்கல. "பார்டர்ல இருக்கு, ரத்தம் கொடுத்துட்டுப் போங்க, சேர்த்துக் கணக்குப் போட்டுச் சொல்றோம்"னாங்க.

மூணு நாள் கழிச்சு ரிப்போர்ட் வந்தது. டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு: 310-ல் 1.

தங்கமணி வயசுக்கு இது வழக்கத்தை விட அதிகம். அதுக்காக பயப்படுற அளவும் இல்லை, 'இடைநிலை'ன்னாங்க. இன்னொரு ரத்தப் பரிசோதனை பண்ணிப் பார்த்துடலாம், பத்து நாள் ஆகும்னாங்க. அந்தப் பத்து நாள்ல நான் ஆபீஸ்ல பிடுங்கின ஆணி எல்லாம் கோணல்மாணல்தான். ராத்திரி தூக்கம் வராம, இந்த 2.3-ங்கிற நம்பர் எங்கிருந்து வந்துதுன்னு தோண்ட ஆரம்பிச்சேன். அந்தத் தோண்டல்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கொசுவத்தியை 1955-க்கு சுத்துவோம். ஊர், ஸ்காட்லாந்தில் இருக்கிற கிளாஸ்கோ.

கப்பல் கட்டுற ஊரு அது. அங்கே பல்கலைக்கழகத்துல மகப்பேறு மருத்துவத்துக்குப் பேராசிரியரா வந்து சேர்ந்தவர் இயான் டொனால்ட். இரண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் விமானப்படையில டாக்டரா இருந்தவர். எரியுற விமானத்துக்குள்ள இருந்து ஆட்களைக் காப்பாத்தினதுக்காக விருது வாங்கினவர். ரேடார், சோனார் மாதிரி சமாசாரங்கள் மேல அவருக்குக் கிறுக்கு உண்டு. மெஷின் பைத்தியம்ங்கிறதால கூட வேலை பார்த்தவங்க அவரை 'மேட் டொனால்ட்'னே கூப்பிடுவாங்களாம்.

ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டு ஒளிஞ்சிருக்கிறதைக் கண்டுபிடிக்கிற ஐடியா புதுசு இல்லை. 1880-ல கியூரி சகோதரர்கள் சில படிகங்களை அழுத்தினா மின்சாரம் வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. முதல் உலகப்போர் சமயத்துல லாஞ்வான்ங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி அதை வெச்சு நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுற கருவி செஞ்சார். அப்புறம் அதே நுட்பம் தொழிற்சாலைக்குள்ள வந்தது. இரும்புத் தகட்டுக்குள்ள, வெல்டிங்குக்குள்ள கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தா, அங்கே பட்டு எதிரொலி சீக்கிரமே திரும்பிடும்.

டொனால்ட் கிட்ட சிகிச்சை எடுத்துக்கிட்ட ஒரு அம்மாவோட வீட்டுக்காரர், பக்கத்துல ரென்ஃப்ரூங்கிற ஊர்ல இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கம்பெனியில டைரக்டர். பெரிய பெரிய பாய்லர் செய்யுற கம்பெனி. வெல்டிங் சரியா இருக்கான்னு பார்க்க அவங்க கிட்ட விரிசல் காட்டும் கருவி இருந்தது. 1955 ஜூலை 21-ஆம் தேதி, ஆபரேஷன்ல எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டியையும் கார் டிக்கியில ஏத்திக்கிட்டு டொனால்ட் அந்த பாய்லர் ஃபேக்டரிக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்கு அங்கே ஒரு பெரிய துண்டு மாட்டுக்கறி தயாரா இருந்தது. கெட்டியான கட்டிக்கு ஒரு மாதிரியும், நீர்க்கட்டிக்கு வேற மாதிரியும் எதிரொலி வந்தது. அதாவது, வயித்தைக் கிழிக்காமலே உள்ள இருக்கிறது சதையா தண்ணியான்னு சொல்லிட முடியும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கேரக்டர் அடுத்து வர்றவர்தான். டாம் பிரவுன். கெல்வின் அண்ட் ஹ்யூஸ்ங்கிற கருவிக் கம்பெனியில வேலை பார்த்த இளவயசு இன்ஜினியர். 1956-ல அவருக்கு 23 வயசுதான். யாரோ ஒரு புரொஃபசர் நம்ம கம்பெனி மெஷினை வெச்சு ஜனங்க வயித்தைப் பார்க்கிறாராம்னு காதுல விழுந்ததும், டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி நேரா டொனால்டுக்கே போன் அடிச்சுட்டார். மேனேஜர் கிட்ட கேட்கல, டிக்கெட் போடல, அப்ரூவலுக்குக் காத்துக் கிடக்கல. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தா, இருக்கிற மெஷின் ஓட்டை. உடம்புக்கும் கருவிக்கும் நடுவுல காத்து இருந்தா ஒலி உள்ளே போகாதுங்கிறதால, வயித்து மேல தண்ணி வாளியை நிக்க வெச்சுப் பார்த்திருக்காங்க. தண்ணி கொட்டி பேஷன்ட்டும் டாக்டரும் நனைஞ்சதுதான் மிச்சம். கடைசியில வாளியைக் கடாசிட்டு, தோல் மேல எண்ணெயைத் தடவி நேரடியா கருவியை வெச்சா போதும்னு வந்தாங்க. இன்னிக்கு ஜில்லுனு ஒரு ஜெல்லைத் தடவுறாங்களே, அதோட பாட்டன் அந்த எண்ணெய்.

அதுவரைக்கும் திரையில வந்தது வெறும் முள்ளு முள்ளா ஏறி இறங்குற கோடு. பிரவுன்தான் கருவியை வயித்து மேல நகர்த்த நகர்த்த ஒவ்வொரு எதிரொலியையும் அதோட இடத்துல புள்ளியா போட்டு, முழுப் படமா மாத்துற மெஷினைக் கட்டினார். ஆஸ்பத்திரியில சாப்பாடு வைக்கிற பெட் டேபிள் மேல ஏத்தி வெச்ச கரடுமுரடான பொருள் அது.

எல்லாரும் சிரிச்சிருப்பாங்க, ஒரு பேஷன்ட் மட்டும் வராம இருந்திருந்தா. வயிறு பெருத்துப்போய், ஆள் இளைச்சு, இரைப்பைப் புற்றுநோய், ஆபரேஷன் பண்ணி பிரயோஜனம் இல்லைன்னு முடிவு பண்ணியிருந்த ஒரு அம்மா. டொனால்ட் குழு மெஷினை வெச்சுப் பார்த்தப்ப பெரிய நீர்க்கட்டி மாதிரி தெரிஞ்சது. திறந்து பார்த்தா நிஜமாவே சினைப்பை நீர்க்கட்டி. எடுத்ததும் அந்தம்மா பிழைச்சுக்கிட்டாங்க. 1958 ஜூன் 7-ஆம் தேதி 'லான்செட்' இதழ்ல டொனால்ட், ஜான் மெக்விகார்ங்கிற இளம் டாக்டர், டாம் பிரவுன் மூணு பேர் பேர்லயும் கட்டுரை வந்தது. கருவில் இருந்த குழந்தைகளோட படமும் அதுல இருந்தது. ஒரு இன்ஜினியர் பேர் டாக்டர்கள் பேரோட சேர்ந்து வந்ததுல எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

சோகம் என்னன்னா, பிரவுன் அப்புறம் 1970-கள்ல முப்பரிமாண ஸ்கேனர் செய்யப் போய், அது வியாபார ரீதியா படுத்துப் போச்சு. காலத்துக்கு முன்னாடியே பிறந்த புராடக்ட். டொனால்ட் பேர் புத்தகத்துல நின்னுது, பிரவுன் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, நாலு டம்ளர் தண்ணிக்கு வருவோம். அதுவும் டொனால்ட் கைங்கரியம்தான். 1960-களின் ஆரம்பம் வரைக்கும் ஆரம்ப மாசக் கருவை அவங்களால பார்க்க முடியல. கர்ப்பப்பை இடுப்பெலும்புக்குள்ள தாழ்வா இருக்கும், அதுக்கு முன்னாடி காத்து நிறைஞ்ச குடல் மறைச்சுக்கிட்டு நிக்கும். சிறுநீர்ப்பை நிறைஞ்சிருந்தா அது குடலைத் தள்ளிவிட்டு, ஒலி போறதுக்கு தண்ணியால ஒரு ஜன்னல் திறந்து வெச்ச மாதிரி ஆயிடும்னு 1963 வாக்குல புரிஞ்சது. அதுக்கப்புறம்தான் ஆறேழு வாரக் கருவைக்கூட பார்க்க முடிஞ்சது. அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னமும் பொம்பளைங்க காலை பின்னிக்கிட்டு வராண்டாவுல உக்காந்திருக்காங்க. மெஷின் நல்லா முன்னேறிட்டதால இப்ப எல்லா இடத்திலயும் இவ்ளோ தண்ணி கேட்கிறது இல்லை. சில சமயம் கீழ்வழி ஸ்கேன் பண்றாங்க, அதுக்கு சிறுநீர்ப்பை காலியா இருக்கணும்.

அடுத்தது, அந்த 61 மில்லிமீட்டர். இதுவும் கிளாஸ்கோ சரக்கு. ஹ்யூ ராபின்சன்ங்கிற டாக்டர் 1973-ல உச்சியிலிருந்து பிட்டம் வரைக்குமான நீளத்தை அளந்து கருவோட வயசைச் சொல்லலாம்னு காட்டினார். அதுக்கு முன்னாடி வரைக்கும் கடைசி மாதவிடாய் தேதியை அம்மாக்கள் ஞாபகம் வெச்சுச் சொன்னாத்தான் உண்டு. இந்த அளவு நாலஞ்சு நாள் பிசகுக்குள்ள தேதியைச் சொல்லிடுது. ஏன் இது முக்கியம்? முதல் மூணு மாசத்துல எல்லாக் கருவும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துல வளருது. அப்புறம்தான் நெட்டை குட்டை எல்லாம். அதனாலதான் இன்னிக்கும் உங்க ரிப்போர்ட்டுல போட்டிருக்கிற பிரசவ தேதி இந்த முதல் ஸ்கேன்ல முடிவாகுது.

இனி அந்தப் பிடரி. இதுக்கு இன்னும் பின்னாடி, 1866-க்குப் போகணும்.

இங்கிலாந்துல எர்ல்ஸ்வுட்ங்கிற இடத்துல மனவளர்ச்சி குன்றியவங்களுக்கான காப்பகத்தைப் பார்த்துக்கிட்டவர் ஜான் லாங்டன் டவுன். அங்கே இருந்தவங்கள்ல சிலர், சொந்தக்காரங்களா இல்லாட்டியும் ஒரே குடும்பத்துப் பிள்ளைங்க மாதிரி இருக்காங்களேன்னு கவனிச்சு எழுதினார். முக அமைப்பு, நாக்கு, பேச்சு எல்லாம் எழுதிட்டு, உடம்பை விடத் தோல் பெரிசா இருக்கிற மாதிரித் தெரியுதுன்னும் குறிச்சு வெச்சார். அந்தத் தளர்ந்த தோலைத்தான் ஒரு நூற்றாண்டுக்கு அப்புறம் கருவோட பிடரியில பார்த்தாங்க. அவர் செஞ்ச ஒரு தப்பு, அதுக்கு 'மங்கோலியர்' இனத்தோட முடிச்சுப் போட்டு பேர் வெச்சது. 1961-ல விஞ்ஞானிகள் பலர் சேர்ந்து லான்செட்டுக்கு எழுதி, அப்புறம் 1965-ல மங்கோலியாவே உலக சுகாதார நிறுவனத்துக்கிட்ட முறையிட்டு, அந்தப் பேர் போய் 'டவுன் சிண்ட்ரோம்' வந்தது. இன்னொரு விஷயம். லாங்டன் டவுனோட சொந்தப் பேரனுக்கே டவுன் சிண்ட்ரோம் இருந்தது.

காரணம் 1959-லதான் தெரிஞ்சது. பாரீஸ்ல ழெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்பான் மூணு பேரும், இவங்களோட செல்லுல 46-க்குப் பதிலா 47 குரோமோசோம் இருக்கு, 21-ஆம் நம்பர்ல ரெண்டுக்குப் பதிலா மூணு இருக்குன்னு காட்டினாங்க. செல்லை வளர்த்து ஸ்லைடு தயார் பண்ணின மார்த் கோத்தியேவுக்குக் கிடைக்க வேண்டிய பேர் முழுசா கிடைக்கலைங்கிற சண்டை இன்னிக்கும் இருக்கு. டாம் பிரவுன் கதைதான், ஊர் மட்டும் வேற.

அம்மா வயசு ஏற ஏற இந்த வாய்ப்பு கூடும். 20 வயசுல சுமாரா 1500 பிரசவத்துக்கு ஒண்ணு, 35-ல 350-க்கு ஒண்ணு, 40-ல 100-க்கு ஒண்ணு. அதனால ரொம்ப காலத்துக்கு, 35 வயசுக்கு மேலன்னா ஊசி போட்டு பனிக்குட நீரை எடுத்து டெஸ்ட் பண்ணு, கீழன்னா விட்டுடுன்னு ஒரு கணக்கு இருந்தது. ஆனா பிள்ளை பெத்துக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க 35-க்குக் கீழதானே? அதனால டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள்ல பாதிக்கு மேல அந்த இளவயசு அம்மாக்களுக்குத்தான் பிறந்தாங்க. நம்ம பாஷையில சொன்னா, ஃபில்டர் கண்டிஷனே தப்பு.

1985-ல அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல பெரில் பெனாசெராஃப்ங்கிற டாக்டரம்மா, ஐந்தாவது மாச ஸ்கேன்ல பிடரித் தோல் தடிச்சிருக்கிற குழந்தைகளுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க வாய்ப்பு அதிகம்னு எழுதினாங்க. ஸ்கேனை வெச்சு குரோமோசோமைச் சொல்றதாவதுன்னு மருத்துவ உலகமே அவங்களை ஏறி மிதிச்சது. அந்தம்மாவுக்கு டிஸ்லெக்சியா, படிக்கிறதே கஷ்டம். ஆனா படத்தைப் பார்த்தா மத்தவங்க கண்ணுக்குத் தப்புறது அவங்க கண்ணுல மாட்டும். கடைசியில அவங்க சொன்னது சரின்னு ஆச்சு.

அதை முதல் மூணு மாசத்துக்குக் கொண்டு வந்து ஒழுங்கான டெஸ்டா மாத்தினவர் கிப்ரோஸ் நிக்கோலைட்ஸ். சைப்ரஸ் தீவுல பாஃபோஸ்ங்கிற ஊர்ல பிறந்து லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். நெட்ஃப்ளிக்ஸ்ல 2020-ல வந்த 'தி சர்ஜன்ஸ் கட்' தொடர்ல பார்த்திருப்பீங்க. 1992-ல அவர் குழு 827 கருக்களை அளந்து எழுதினது இது: பிடரி நீர் 3 மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும் இருந்த 51 கருக்கள்ல 18-க்கு குரோமோசோம் கோளாறு. மீதி 776-ல 10-க்கு மட்டும்தான். வித்தியாசம் கண்ணைக் குத்துது இல்லையா?

ஆனா 827 பேர் போதாது. 1998-ல 22 மையங்கள்ல 306 பேர் ஸ்கேன் பண்ணின 96,127 கர்ப்பங்களோட கணக்கை வெளியிட்டாங்க. வயசையும் பிடரி அளவையும் மட்டும் சேர்த்தே 100 டவுன் சிண்ட்ரோம் கருக்கள்ல 82-ஐக் கண்டுபிடிக்க முடிஞ்சது. அப்புறம் அம்மா ரத்தத்துல ரெண்டு பொருளோட அளவையும் சேர்த்தாங்க, அது 90 சதவீதத்துக்குப் போச்சு. முக்கியமான விஷயம், 306 பேரும் ஒரே மாதிரி அளக்கணும்னு விதி போட்டது. குழந்தை எந்தக் கோணத்துல இருக்கணும், படம் எவ்ளோ பெருசாகணும், கோட்டுக்கு உள்ளயா வெளியயா எங்கே புள்ளி வைக்கணும், எல்லாத்துக்கும் டாக்குமென்ட். கோடிங் ஸ்டாண்டர்ட் மாதிரி. எங்களை வராண்டாவுல நடக்க விட்டதும் இந்த விதியாலதான். சும்மா குத்துமதிப்பா ஒரு நம்பரைப் போட்டு அனுப்பாம நடக்க விட்டாங்களேன்னு இப்ப அந்த ஸ்கேன் அம்மா மேல மரியாதைதான் வருது.

ஏன் 11 வாரத்துல இருந்து 13 வாரம் 6 நாளுக்குள்ள? அதுக்கு முன்னாடி மண்டையோடு, கைகால் எல்லாம் சரியாத் தெரியாது. 14 வாரத்துக்கு மேல அந்த நீரே வடிஞ்சுடுது. கருவோட நீளக் கணக்குல 45-ல இருந்து 84 மில்லிமீட்டர். அந்த ஜன்னலைத் தவறவிட்டா அப்புறம் வேற டெஸ்ட்தான். அளவுலயும் ஒரே எல்லைக்கோடு கிடையாது. 45 மில்லிமீட்டர் கருவுக்கு 2.1, 84 மில்லிமீட்டர் கருவுக்கு 2.7 வரைக்கும் 100-ல 95 குழந்தைகள் அடங்கிடும். 3.5-க்கு மேல போறது 100-ல ஒண்ணுதான். அப்படிப் போனா குரோமோசோம் மட்டும் இல்ல, இதயத்தையும் நல்லாப் பார்க்கணும்னு பிற்காலத்துல தெரிஞ்சது.

இப்ப அந்த 310-ல் 1. இதை எங்க வீட்டுல எல்லாருக்கும் விளக்கி வாய் வலிச்சுப் போச்சு. கணக்குப் பின்னாடி இருக்கிறவர் தாமஸ் பேய்ஸ்ங்கிற பாதிரியார். அவர் செத்ததுக்கு அப்புறம் 1763-ல அச்சான தேற்றம். நம்ம காலேஜ்ல பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி மறந்தது. முதல்ல வயசுக்கான வாய்ப்பு. அப்புறம் பிடரி அளவு, ரத்த அளவு ஒவ்வொண்ணும் அதை ஏத்தும் அல்லது இறக்கும். உதாரணத்துக்கு, வயசால 250-ல் 1 இருக்கிறவங்களுக்கு மத்த அளவெல்லாம் நல்லா வந்து வாய்ப்பை அஞ்சுல ஒரு பங்காக் குறைச்சா, 1250-ல் 1 ஆயிடும். எங்களுக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்தது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்க. 10,000 கர்ப்பிணிகள், அதுல 20 பேர் கருவுக்கு டவுன் சிண்ட்ரோம்னு வெச்சுப்போம். 90 சதவீதம் பிடிக்கிற டெஸ்ட், 5 சதவீதம் தப்பா மணி அடிக்கும். 20-ல 18-ஐப் பிடிக்கும், ரெண்டைக் கோட்டை விடும். மீதி 9,980 பேர்ல சுமார் 500 பேருக்கு சும்மாவே மணி அடிக்கும். ஆக 'ஹை ரிஸ்க்'னு சொல்லி அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போற 518 பேர்ல நிஜமாவே பிரச்சினை இருக்கிறது 18 பேருக்குத்தான். அதாவது 29-ல ஒருத்தர். இதைத்தான் டாக்டர்கள், இது சலிக்கிற டெஸ்ட், தீர்ப்பு சொல்ற டெஸ்ட் இல்லைன்னு சொல்றாங்க. தீர்ப்பு வேணும்னா நச்சுக்கொடியில இருந்து துளி எடுக்கணும், இல்லாட்டி 15, 16 வாரத்துக்கு மேல பனிக்குட நீர் எடுக்கணும். ரெண்டுலயும் கரு கலையுற ஆபத்து கொஞ்சூண்டு உண்டு. அதனாலதான் முதல்ல சலிக்கிறாங்க.

எங்களுக்கு எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனை 1997-ல முளைச்ச ஐடியா. அம்மா ரத்தத்துலயே கருவோட டி.என்.ஏ. துணுக்குகள் மிதக்குதுன்னு டென்னிஸ் லோவும் கூட்டாளிகளும் கண்டுபிடிச்சாங்க. 2011-ல கடைக்கு வந்தது. டவுன் சிண்ட்ரோமை 99 சதவீதத்துக்கு மேல பிடிக்கும். ஆனா இதுவும் சல்லடைதான், ரொம்பப் பொடிக்கண் சல்லடை. பிடரி நீரையும் இதயத்தையும் மண்டையோட்டையும் இது பார்க்காது, அதனால ஸ்கேனுக்கு வேலை போயிடல.

அந்தப் பத்து நாள்ல ஏழாவது நாள் அத்தை போன் பண்ணாங்க, கோபியில இருந்து.

அத்தையோட பையனுக்கு டவுன் சிண்ட்ரோம். என்னை விட ஆறேழு வயசு பெரியவன். சின்ன வயசுல லீவுக்குப் போனா எங்களோட கிரிக்கெட் ஆடுவான், எப்பவும் அவன்தான் அம்பயர், எனக்கு மட்டும் அவுட்டே கொடுக்க மாட்டான். ஊர்ல பசங்க அவனை என்னென்னமோ பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. அத்தைக்கு அப்ப 24 வயசு. ஸ்கேன்லாம் எங்கே, பிறந்து ஆறு மாசம் கழிச்சுத்தான் ஈரோட்டுல ஒரு டாக்டர் சொன்னாராம், அதுவும் இவன் பத்து வயசைத் தாண்ட மாட்டான்னு சேர்த்தே. இப்ப அவனுக்கு 35 தாண்டியாச்சு. மாமாவோட மளிகைக் கடையில பொட்டலம் மடிக்கிறான். அந்த டாக்டரையும் முழுசாக் குத்தம் சொல்ல முடியாது. அமெரிக்காவுலயே 1983-ல டவுன் சிண்ட்ரோம் இருக்கிறவங்களோட சராசரி ஆயுள் 25 வருஷம்தான். இதய ஆபரேஷன், சரியான கவனிப்பு எல்லாம் வந்து இப்ப 60 ஆயிருக்கு.

"ஏங்கண்ணு, டெஸ்ட்ல என்னமோ சொல்லிட்டாங்களாமா"ன்னாங்க அத்தை. நான் பேய்ஸ், 310, சல்லடைன்னு ஆரம்பிச்சேன். முழுசாக் கேட்டுட்டு, "எனக்கு அன்னைக்கு யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது சாமி. ஆனா சொல்லியிருந்தா பொறந்த அன்னைக்கே அவனை நல்லபடியாப் பார்த்திருப்பேன். ஆறு மாசம் ஏன் பால் குடிக்க மாட்டேங்குறான்னு அவனைத் திட்டிக்கிட்டே இருந்தேன்"னாங்க. எனக்கு அதுக்கு மேல பேச்சு வரல.

இந்த மெஷின் கதையில ஒரு முரண் இருக்கு. இயான் டொனால்ட் 1967-ல பிரிட்டன்ல வந்த கருக்கலைப்புச் சட்டத்தைக் கடுமையா எதிர்த்தவர். லெஜூனும் அப்படித்தான், தன் கண்டுபிடிப்பு கருவைக் கலைக்கப் பயன்படுதேன்னு கடைசி வரைக்கும் வருத்தப்பட்டார். ஆனா அவங்க கண்டுபிடிச்சது, 'தெரிஞ்சுக்கிறதா வேண்டாமா, தெரிஞ்சா என்ன பண்றது'ங்கிற கேள்வியை ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் கொண்டு வந்து வெச்சுடுச்சு. பதில் வீட்டுக்கு வீடு வேற. அதுல யாரையும் தராசுல நிறுத்த எனக்கு அருகதை இல்லை.

நம்ம ஊர்ல அதே மெஷின் இன்னொரு வேலையும் பார்த்தது. பெண் சிசுவைத் தேடிக் கலைக்கிற வேலை. 1991 கணக்கெடுப்புல ஆறு வயசுக்குள்ள 1000 பையன்களுக்கு 945 பொண்ணுங்க. 2001-ல 927. 2011-ல 919. இதுக்குத்தான் 1994-ல சட்டம் வந்து, 1996-ல அமலாகி, 2003-ல திருத்தி இறுக்கினாங்க. ஸ்கேனுக்கு முன்னாடி தங்கமணி கையெழுத்துப் போட்ட படிவமும், செவுத்துல நான் நேரம் போகப் படிச்ச போர்டும் அந்தச் சட்டத்தோட வாரிசுகள். மறைக்க வேண்டிய விஷயம்னு ஒண்ணு இருக்குன்னு ஒரு நாடு மெஷினுக்கு ஆணை போட வேண்டி வந்ததே, அதை யோசிச்சா அந்த போர்டு சும்மா போர்டாத் தெரியல.

பத்தாவது நாள் ரிசல்ட் வந்தது. 'லோ ரிஸ்க்'. தங்கமணி ஒண்ணும் சொல்லாம பூஜை ரூமுக்குப் போயிட்டாங்க. நான் அத்தைக்கு போன் போட்டேன். எடுத்தது அவன்.

"பாப்பா நல்லாருக்கா?"ன்னான்.

"நல்லாருக்குடா."

"எப்ப வரும்?"

ஸ்கேன் ரிப்போர்ட்டுல போட்டிருந்த தேதியைச் சொன்னேன். 61 மில்லிமீட்டரை வெச்சு ராபின்சன் கணக்குல வந்த தேதி. அவன் அதைக் கடை காலண்டர்ல குறிச்சு வெச்சுட்டானாம். தினமும் காலையில கடை திறந்ததும் எத்தனை நாள் இருக்குன்னு எண்ணிச் சொல்றானாம். நேத்து அத்தை சொன்னாங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். உங்க ரிப்போர்ட்டுல என்ன நம்பர் வந்தாலும் என்னை மாதிரி ராத்திரி தனியா உக்காந்து தோண்டாதீங்க. அந்த நம்பரோட நேரா உங்க டாக்டர் கிட்ட போய், "இது சல்லடையா தீர்ப்பா?"ன்னு முதல் கேள்வியைக் கேளுங்க. அப்புறம் முக்கியமா, தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க.